துபாஷி, கங்காணி, மேஸ்திரி: இடம்பெயர் குடும்பங்களும் மொழிபெயர்ப்பின் அதிகாரமும்

தமிழ்ச் சூழலில் மொழி ஒரு பிரச்சினையாகப் பேசப்படும்போதெல்லாம் அது மேலிருந்து இறங்குவதாகவே பேசப்பட்டிருக்கிறது. டெல்லியிலிருந்து இந்தி, கருவறையிலிருந்து சமஸ்கிருதம், அலுவலகத்திலிருந்து ஆங்கிலம். 1937இலும் 1965இலும் சிறைக்குப் போனவர்களும் செத்தவர்களும் அந்தப் பேச்சை நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் மொழி கீழிருந்து, முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் தொற்றிக்கொண்டு, கையில் குழந்தையோடு சென்ட்ரலில் வந்து இறங்கினால் அதை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் சொல்லாடலே கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு வசைச்சொல்: வடக்கன்.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வருகிற நாம், வருஷாவருஷம் தமிழின் எதிர்காலத்தை டீக் கோப்பையோடு விவாதித்துவிட்டுப் போகிறோம். பக்கத்தில் அண்ணா சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டியவர்களில் பெரும்பகுதி பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள். முதல் கட்டத்தின் நந்தனம் நிலையம் 2018இல் திறந்தது. 2020க்குப் பின் இரண்டாம் கட்டத்துக்காக மறுபடி தகர வேலி. வேலிக்குள் இருப்பவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் அதை யாரிடம், எந்தச் சொல்லில் சொல்வார்? அவரைப் பார்க்கிற டாக்டரும் நர்ஸும், அவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற டீச்சரும், புகாரை எழுதுகிற ஏட்டும் எதை வைத்துக்கொண்டு அவரிடம் பேசுவார்கள்? இக்கட்டுரை இந்தக் கேள்விகளைப் பற்றியது.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களோடு வேலைசெய்யும் மருத்துவர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோருக்கான கையேடுகள், இருமொழிப் படிவங்கள், பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர்கள். யாரோ நல்ல மனசுக்காரர்கள் செய்த தர்மம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், பூர்விக நாட்டைக் காரணம் காட்டி அரசுப் பணத்தில் நடக்கும் எந்தச் சேவையிலும் பாகுபாடு கூடாது என்றது. 1974இல் சான்பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மொழி புரியாத பிள்ளைக்கும் அதே பாடப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு சமமாக நடத்திவிட்டோம் என்று சொல்ல முடியாது என்றது. 2000இல் கிளின்டன் பிறப்பித்த ஆணை மொழிவழி அணுகலை அரசு நிறுவனங்களின் கடமையாக்கியது. அந்த ஆணையை டிரம்ப் 2025 மார்ச் 1 அன்று ரத்து செய்தார். போராடி வாங்கிய சட்டம் நிற்கிறது. அதிகாரி போட்ட ஆணை ஒரே கையெழுத்தில் போய்விட்டது.

இது என்ன பெரிய விஷயம், சைகையிலேயே சொல்லிட்டுப் போயிடலாமே என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1980இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். கியூபக் குடும்பம். 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள். அவர்கள் வழக்கில், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவர்களின் ஆங்கிலக் காதில் அது போதை என்று விழுந்தது. போதை மருந்து அதிகமானதற்கு வைத்தியம் நடந்தது; மூளையில் ரத்தக்கசிவு கவனிக்கப்படாமல் போனது. கைகால் நான்கும் செயலிழந்தன. நஷ்டஈடு சுமார் 7 கோடி டாலர் வரை போனது. மொழிபெயர்ப்பாளரை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எல்லாருமே தங்களுக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தார்கள்.

ஆனால் அமெரிக்க உதாரணத்தைக் கும்பிட்டு எடுத்துக்கொள்ளவும் முடியாது. 'ஹிஸ்பானிக்' என்பதே 1970களில் அரசுப் படிவங்களுக்காகத் திரட்டப்பட்ட ஓர் அடையாளம். மெக்சிகோக்காரர், போர்ட்டோரிக்கோக்காரர், கியூபக்காரர் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டார்கள். கட்டத்துக்கு வெளியே விழுந்தவர்கள் பூர்வகுடிகள். குவாதமாலாவிலிருந்து வருபவர்களில் பலருக்குத் தாய்மொழி கிச்சே, மாம், கெக்சி போன்ற மாயன் மொழிகள். ஸ்பானிஷ் அவர்களை வென்றவர்களின் மொழி. 2018 டிசம்பரில் எல்லைக் காவலில் இருந்தபின் 7 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அவள் உடல்நலம் பற்றிய ஆங்கிலப் படிவத்தில் தகப்பன் கையெழுத்திட்டிருந்தார். ஸ்பானிஷில் விளக்கினோம் என்றது அரசுத் தரப்பு. அவருடைய மொழி கெக்சி.

இங்கே அந்த ஸ்பானிஷின் இடத்தில் உட்கார்ந்திருப்பது இந்தி. நாம் 'இந்திக்காரன்' என்று அழைக்கிற ஆளின் வீட்டு மொழி போஜ்புரியாகவோ மகஹியாகவோ மைதிலியாகவோ இருக்கும். ஜார்க்கண்ட்காரர் என்றால் சந்தாலி, குடுக், சாத்ரி. போலாங்கிர் பக்கத்துச் செங்கல் சூளைக் குடும்பம் என்றால் சம்பல்புரி. 2011 கணக்கெடுப்பு 5 கோடிக்கும் மேற்பட்ட போஜ்புரிக்காரர்களை 'இந்தி' என்ற தலைப்பின் கீழேயே எண்ணியிருக்கிறது. மைதிலியும் சந்தாலியும் எட்டாம் அட்டவணையில் இடம்பெறவே 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, எந்த இந்திப் பெருங்கதையாடலை நாம் எதிர்த்தோமோ அதுவே இவர்களுடைய மொழிகளை முதலில் விழுங்கியது. வடக்கன் என்று சொல்லி அவர்களை ஒரே மூட்டையாகக் கட்டும்போது டெல்லியின் அந்தக் கணக்கைத்தான் நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

நந்தனத்துக்கு அடுத்த தி.நகரிலேயே தக்ஷிண பாரத இந்திப் பிரச்சார சபை இருக்கிறது. 1918இல் காந்தி தொடங்கிய இயக்கம். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று பரீட்சைகள் எழுதி நூறு வருஷமாகத் தமிழ்ப் பிள்ளைகள் சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்த இந்தி வேலைக்குப் போவதற்கானது, வேலைக்கு வந்தவரிடம் பேசுவதற்கானது அல்ல. விஷாரத் முடித்தவருக்கும் பலாமு ஜில்லா சித்தாள் வயிற்றுவலியைச் சொன்னால் பாதிதான் விளங்கும்.

அப்படியானால் இப்போது யார்தான் மொழிபெயர்க்கிறார்கள்? இங்கேதான் அதிகாரம் செயல்படுகிறது. மதராஸ் பட்டணத்தில் கம்பெனிக்கு ஒரு துபாஷி இருந்தான். இரண்டு பாஷைக்காரன். பாஷையோடு தரகும் அவனுடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த இடத்தில் கங்காணி. துரைக்கும் தமிழ்க் கூலிக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டவன். தோட்டத்துத் துரைமார்களுக்கென்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தமிழ்க் கையேடே வெளியாயிற்று. சின்னத் துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி. அதன் தலைப்பு 'இங்கே வா'. தமிழ்த் தொழிலாளியிடம் பேசவேண்டிய ஒரு தொழில்முறையாளருக்கான மொழிவளம் என்று இன்றைய பாஷையில் அதையும் சொல்லலாம்தான்! அந்த ஏவல் வினை ஒன்றே போதும், கையேடு யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது என்று காட்ட. கூலி என்ன சொல்கிறான் என்று கேட்கிற தேவை அந்தத் துரைக்கு இல்லை.

இன்றைய கங்காணி லேபர் கான்ட்ராக்டரின் ஆள், மேஸ்திரி. சாரம் சரிந்து ஒருவர் விழுகிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருபவர் மேஸ்திரிதான். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கிறார். அடிபட்டவர் தன் மொழியில் பத்து வாக்கியம் சொல்கிறார். மேஸ்திரி ஒரே வாக்கியத்தில் முடிக்கிறார்: "கால் தவறி விழுந்துட்டான் சார்." விபத்துப் பதிவேட்டில் அது ஏறுகிறது. பிறகு சட்டப்படி நஷ்டஈடு கேட்டு யாராவது போனால் அந்த ஒரு வரி எதிரே வந்து நிற்கும். மேஸ்திரி பொய் சொன்னார் என்றுகூட நிரூபிக்க முடியாது. சுருக்கிச் சொன்னார், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளன் நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும்போது சுருக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்குத் தெரியாததா?

இதை அதன் கொடூர எல்லைவரை பார்த்தவர்கள் ஈழத் தமிழர்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தமிழரின் உத்தியோகத்தைப் பறித்தது பற்றி நிறைய எழுதியாயிற்று. ஆனால் காவல் நிலையத்தின் மேஜையில் அது என்ன செய்தது? சிங்கராசா வழக்கைப் பாருங்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர். அவருடைய 'ஒப்புதல் வாக்குமூலம்' சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதில் அவருடைய கைநாட்டு. உடனிருந்தவர்கள் விசாரித்த காவல் அதிகாரிகள் இருவர் மட்டும். வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கிடையாது. 1995இல் 50 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 35ஆகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதை உரிமை மீறல் என்றது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. இதைப் படித்துக் கொதிக்கிற நாம், ஒரு ஒராவ் இளைஞன் இங்கே தமிழில் எழுதப்பட்ட தாளில் கைநாட்டு வைக்கும்போது அதே கொதிப்போடு இருக்கிறோமா?

இந்தியச் சட்டம் இதில் ஊமையில்லை. 1962இல் ஹரிகிஷன் வழக்கில், தடுப்புக் காவலுக்கான காரணங்களை இந்தி மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1980இல் லல்லுபாய் வழக்கில், குஜராத்தியில் வாய்வழியாக விளக்கிவிட்டோம் என்பதும் போதாது, எழுத்தில் வேண்டும் என்றது. சாட்சியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறையும் சொல்கிறது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது அரசியல் சாசனத்தின் 350அ. ஆக, கைதானால் மொழியுரிமை உண்டு. காய்ச்சல் வந்தால்? சாரத்திலிருந்து விழுந்தால்? 1979இன் மாநிலங்களுக்கிடையேயான இடம்பெயர் தொழிலாளர் சட்டம் பயணப்படி, இடப்பெயர்ச்சிப்படி எல்லாம் பேசியது; ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒன்றைப் பேசவில்லை. 2020இன் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைந்தபோதும் இந்த ஓட்டை அப்படியே வந்தது.

2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது தமிழகக் காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது. உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆக, அரசு நினைத்தால் சில நாளில் முடியும். தொழிற்சாலை நின்றுவிடும் என்ற பயம் வந்ததும் மொழி கிடைத்தது. அதற்கு முன் 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தபோது, ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த உறவினர்கள் பிணவறை வாசலில் நின்றார்கள். அந்த 61க்குப் பிறகும் நிலையான ஏற்பாடு என்று ஒன்று உருவாகவில்லை.

கையேடு செய்வது என்று உட்கார்ந்தால் என்ன வரும் என்பதற்குப் பிரசவ வார்டிலிருந்து ஓர் உதாரணம். நம்ம நர்ஸம்மா மாதவிடாய்த் தேதியை எப்படிக் கேட்பார்? "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" மேஸ்திரியின் பையன் அதை அப்படியே இந்தியாக்குகிறான். அந்தப் பெண் "இன்று காலையில்" என்கிறாள். பதில் குறிப்பில் ஏறுகிறது. மறுபக்கம், இந்தியில் 'பாவ் பாரி' என்றால் உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் "கால் கனக்குதாம்". நர்ஸ் காலை அமுக்கி வீக்கம் பார்ப்பார். 'கல்' என்ற ஒரே இந்திச் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லை விட்டுவிட்டுக் கேட்டால் ரத்தம் எப்போது பட்டது என்பதே மாறிவிடும். அகராதி இதற்கெல்லாம் உதவாது. நர்ஸின் கேள்விகளை வரிசையாக மொழிபெயர்ப்பதும் உதவாது. அது இன்னொரு 'இங்கே வா' ஆகிவிடும். வந்தவள் தன் உடம்பைப் பற்றி எப்படிச் சொல்வாள் என்பதிலிருந்து கையேடு தொடங்க வேண்டும்.

மேஸ்திரி இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பது குழந்தை. ஆறு மாதத்தில் தமிழ் பேசப் பழகிவிட்ட ஒன்பது வயதுப் பையன், அம்மாவின் உதிரப்போக்கை டாக்டருக்குச் சொல்ல நிற்கிறான். தாய் வாயடைத்துப் போகிறாள். அவசர நிலை தவிரக் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2016 விதிகள் தடுத்தன. இங்கே அந்தப் பையனைப் பார்த்து "கெட்டிக்காரன்டா" என்கிறோம்.

முன்மாதிரிகள் இல்லாமலில்லை. திருவள்ளூர் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா ஆசிரியர்களும் ஒடியாப் பாடநூல்களும் வந்தது தமிழ்நாட்டிலேயே நடந்த விஷயம். கேரளத்தில் 2017இல் எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற பெயரில் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கத் தொடங்கியது. எர்ணாகுளத்தில் 'ரோஷ்ணி' பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்த துணையாளர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. வந்தவருக்கு நம் மொழியைக் கற்பிப்பது அவசியம்தான். ஆனால் அது மட்டுமே திட்டம் என்றால் முழு உழைப்பும் பன்னிரண்டு மணி நேரம் கல் சுமந்தவர் தலையில்தான் விழும்.

நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டால், ஆஸ்பத்திரியில் இந்திப் பலகையா, பின்வாசல் வழியா இந்தியா என்பார்கள். சந்தேகம் நியாயமானது. அதனால்தான் இந்தி வழியே போகாதே, தமிழிலிருந்து போஜ்புரிக்கும் சந்தாலிக்கும் சம்பல்புரிக்கும் நேராகப் போ என்கிறேன். இந்தி எதிர்ப்பின் தர்க்கமே இதைத்தான் கோருகிறது: அரசு மக்களின் மொழியில் பேச வேண்டும். மக்கள் என்பதற்குள் யார் என்பதில்தான் தகராறு.

வேலையை யார் தொடங்குவது? ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் சட்டை பார்த்துக்கொண்டு நிற்கும் பையன்களும், தங்குமிடத்தில் இருக்கும் பெண்களும்தான் ஆசிரியர்கள். நர்ஸ்களும் டீச்சர்களும் உடன் உட்கார வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கும் இதில் ஒரு சில்லறை வேலை இருக்கிறது. கையேட்டைப் படிக்கப்போவது நர்ஸ். ஆகவே போஜ்புரி வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில்தான் அச்சடிக்க வேண்டும். நம் 'ப' ஒன்று, அவர்களுக்கு நான்கு. 'பாரி' என்று எழுதினால் கனமா, முறையா என்று தெரியாது. மயிலாப்பூர் கடைகளில் விற்கும் சுலோகப் புத்தகங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போடுகிறார்கள். கனம் என்றால் பா⁴ரி, முறை என்றால் பா³ரி. தேவபாஷைக்காகச் செய்த அந்த அச்சுக்கோப்பு பலாமு சித்தாளின் வயிற்றுவலிக்கும் அப்படியே பொருந்தும்.