வைட்டமின் ஏ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பருப்பு தினமும்: ஏன்?

ஆரணித் தறிகளில் ஓடும் பட்டு நூல் ஒரு புரதம். கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவானது. குழந்தையின் தசையும் இத்தகைய சங்கிலிகளால்தான் வளர்கிறது. அதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் ஒன்பதை உடலால் தயாரிக்க முடியாது; உணவிலிருந்தே வர வேண்டும்.

அரிசியில் லைசின் குறைவு. ஜரிகை தீர்ந்துவிட்டால் மற்ற நூல் குவிந்திருந்தாலும் சேலைக் கரை நின்றுபோகும். அப்படித்தான் ஓர் அமினோ அமிலம் குறைந்தாலும் புரதம் கட்டும் வேலை தடைபடும். பருப்பில் லைசின் நிறைய. அதில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. சாம்பார் சாதமும் பொங்கலும் இந்த இரண்டு குறைகளையும் ஈடுசெய்கின்றன. முட்டையில் ஒன்பதும் ஒருங்கே கிடைக்கின்றன.

குழந்தைகளுக்குத் தரும் வைட்டமின் ஏ திரவம் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படிப் போதும்? அது கொழுப்பில் கரையும். கல்லீரல் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடும். குழந்தைகளின் பார்வையிழப்பைத் தடுக்க 1970-ல் இந்தியா தொடங்கிய திட்டத்தின் அடிப்படை இதுதான். ஒரு வயது கடந்த குழந்தைக்கு ஒரு வேளை அளவு 2 லட்சம் அலகு.

அமினோ அமிலங்களுக்கு அப்படியொரு கிடங்கு இல்லை. மிஞ்சியது எரிபொருளாகும், அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். ஆகவேதான் அங்கன்வாடிச் சத்துமாவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் அன்றாடம் தேவை. சோறு போதாவிட்டால் புரதமும் எரிந்து வீணாகும் என்பதால், முதலில் வயிறு நிறைய வேண்டும்.

சேமிக்கப்படும் வைட்டமின் ஏ அளவு மீறினால் நஞ்சாகும். எடை ஏறாத குழந்தைக்கு மாத்திரையோ புரதப் பொடியோ நீங்களே வாங்கித் தராதீர்கள். அங்கன்வாடியில் எடை பார்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.