மர அறுவை மருத்துவத் தொழில்

மர அறுவை மருத்துவம் என்பது வளர்ந்த மரங்களின் பட்டுப்போன, நோயுற்ற, இடையூறான கிளைகளை அகற்றும் தொழில் ஆகும். தேவையெனில் மரம் முழுவதும் பகுதி பகுதியாக வெட்டி இறக்கப்படும். இக்கட்டுரை இங்கிலாந்தில் இத்தொழில் நடைபெறும் முறையை விளக்குகிறது.

கருவிகள்

சங்கிலி வாள், ஏறு கயிறு, இடுப்புக் கச்சை, தலைக்கவசம், வாள்வெட்டைத் தடுக்கும் காற்சட்டை ஆகியன அடிப்படைக் கருவிகள். கிளைகளைச் சில்லுகளாக்கும் பொறி, அடிக்கட்டையை அரைக்கும் பொறி ஆகியவற்றுக்கு முதலீடு அதிகம். எனவே சிறு நிறுவனங்கள் இவற்றை வாடகைக்கும் பெறுவதுண்டு.

வெட்டும் முறை

மரத்தின் காயம் மனிதத் தோலைப்போல் ஆறுவதில்லை. மரம் சிதைவைச் சுற்றித் தடுப்பை உருவாக்கி, புதிய திசுவால் காயத்தை மூடுகிறது. ஆகவே கிளை தண்டோடு ஒட்ட வெட்டப்படாமல், அதன் அடியிலுள்ள புடைப்புக்கு வெளியே வெட்டப்படுகிறது.

பாதுகாப்பு

மரமேறும் பணியில் குறைந்தது இருவர் இருத்தல் வேண்டும். தரையில் இருப்பவருள் ஒருவர், மேலே காயமுற்றவரை மீட்கும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். ஆளைத் தாங்கும் கயிறும் கச்சையும் பொதுவாக 6 மாதங்களுக்கு ஒருமுறை தகுதியுடையவரால் சோதிக்கப்படுகின்றன.

சட்டம்

பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரத்தை வெட்டப் பொதுவாக உள்ளூராட்சியின் அனுமதி தேவை. உரிமையாளர் கேட்டுக்கொண்டாலும், அனுமதியின்றி வெட்டியவர் மீதும் வழக்குத் தொடரலாம். எனவே பணியை ஏற்குமுன் ஆணை உள்ளதா எனச் சரிபார்ப்பது தொழில் நடத்துவோரின் முதற்கடமை ஆகும்.