விஞ்ஞானத்தின் நாற்றங்கால்

ஒரு நாட்டின் விஞ்ஞான வளத்தை எதைக் கொண்டு அளப்பது? ஆராய்ச்சிக் கூடங்களின் எண்ணிக்கையைக் கொண்டா, அங்குள்ள கருவிகளின் விலையைக் கொண்டா? கட்டடத்தைப் பணம் கொடுத்துக் கட்டிவிடலாம்; கருவிகளைக் கப்பலேற்றி வரவழைத்துவிடலாம். ஆனால் அக்கருவியின் முன் நின்று, புதியதொரு கேள்வியை எழுப்பி, விடை காணும் வரையில் ஓயாதிருக்கும் மனிதரை எந்தச் சந்தையில் வாங்குவது? அவரை வளர்த்துத்தான் ஆகவேண்டும். அப்படி வளர்க்கும் முறையை நம் நாட்டில் ஒழுங்குபட நடத்திக் காட்டிய நிலையங்களுள் முன்வரிசையில் நிற்பது, மும்பையை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம். அங்கே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும், பயிற்றுவிக்கும் விதத்தையும் இங்கே சிறிது காண்போம்.

இதன் வித்து ஒரு கடிதத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பயின்ற ஹோமி பாபா 1939-ஆம் ஆண்டு விடுமுறையில் தாயகம் வந்தார். உலகப் போர் மூண்டது; அவர் திரும்பவில்லை. பெங்களூரில் ஸர் சி. வி. ராமன் தலைமையில் இருந்த பௌதிகத் துறையில் பணியேற்றார். 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸர் தோராப்ஜி டாட்டா அறநிலையத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், அடிப்படை ஆராய்ச்சிக்கென ஒரு கழகம் வேண்டும் என்று கேட்டார். அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நாள் வரும்போது, நிபுணர்களுக்காக இந்தியா பிற நாடுகளை நோக்கிக் கையேந்தலாகாது என்பது அவர் கூறிய காரணம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கும் முன்னர் எழுதப்பட்ட கடிதம் இது என்பதை எண்ணிப் பார்த்தால், அவருடைய தொலைநோக்கு விளங்கும். மின்சாரம் வருமுன் மின் நிலையத்தை அவர் கேட்கவில்லை, மனிதர்களைக் கேட்டார்.

1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் அமைந்தது. முதலில் வந்தவர்கள் டாட்டா கழகத்திலேயே பழகிய இளைஞர்கள். எரிபொருளை மட்டும் பிரிட்டனிலிருந்து பெற்று, மற்றவற்றை இவர்களே அமைத்த ‘அப்ஸரா’ அணு உலை 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. சிலரை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பிப் பழக்கினார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார் கனடாவில் சாக் ரிவர் என்னும் இடத்தில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பிராக்ஹவுஸிடம் பயின்று திரும்பி, நியூட்ரான் ஆராய்ச்சியை டிராம்பேயில் வளர்த்தார்.

ஆனால் ஒவ்வொருவராகக் கடல் கடந்து அனுப்பிக் கொண்டிருந்தால் ஒரு பெரிய தேசத்தின் தேவை நிறைவேறுமா? பல்கலைக்கழகங்களில் உள்ள தேர்ந்த ஆசிரியர்களை அழைத்துக்கொள்ளலாம் என்றால், அது மற்றொரு தீங்காக முடியும். ஆசிரியரை இழந்த கல்லூரி அடுத்த தலைமுறையை எவ்வாறு உருவாக்கும்? விதைநெல்லைச் சமைத்துண்ட குடியானவன் கதையாகிவிடும். இவ்விரு வழிகளையும் விடுத்து மூன்றாவது வழியாக 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பட்டதே டிராம்பே பயிற்சிப் பள்ளி. இதை உருவாக்கி நடத்துவதில் டாக்டர் ராஜா ராமண்ணாவுக்குப் பெரும் பங்குண்டு.

பள்ளியின் அமைப்பு எளியது. பட்டம் பெற்ற இளைஞர்களை நாடு முழுவதிலிருந்தும் விளம்பரத்தின் வாயிலாக அழைக்கிறார்கள். முதற்கட்டச் சல்லடையின் முறை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. ஆயினும் இறுதியில் நிகழும் நேர்முகத் தேர்வே மிகுந்த எடையுடையது. அங்கே மனப்பாடம் உதவாது. தாம் கற்ற பாடத்தின் அடிப்படைகளை ஒருவர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்கிறார், தெரியாத வினா வந்தால் எவ்வாறு அதை அணுகுகிறார் என்பதையே துருவிப் பார்க்கிறார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி. அக்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கற்பிப்பவர்களுள் பெரும்பாலோர் அதே வளாகத்தில் ஆராய்ச்சி செய்து வருபவர்கள். காலையில் பாடம் சொன்னவர் மாலையில் உலையின் அருகே நிற்கக் காணலாம். பௌதிகம் கற்றவர் பொறியியலையும், பொறியியல் கற்றவர் அணுவின் இயல்பையும் இங்கே பயில வேண்டும். ஓர் அணு உலையை இயக்குவோர் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருந்தால் காரியம் நடைபெறாது அல்லவா? வரையறுத்த தரத்துடன் தேறியவருக்கு வேலை உறுதி. அவரும் குறைந்தது மூன்றாண்டுகள் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதித் தரவேண்டும்.

இனி, நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் எம்மைப் போன்றோர் நாள்தோறும் காணும் சொல் ‘காலியிடம்’. முதலில் இடம் இருக்கும்; அதன் அளவுக்கு ஏற்ற ஆளைப் பின்னர் தேடுவார்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இது பொருந்தும். ஆராய்ச்சிக்கு இது பொருந்தாது என்பது பாபாவின் கருத்து. 1966-ஆம் ஆண்டு ஜனவரியில், விமான விபத்தில் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன் பம்பாயில் ஆற்றிய உரையிலும் அவர் இதை விளக்கினார். அமைப்பின் வரைபடத்தை முதலில் வரைந்து, அதிலுள்ள கட்டங்களை ஆட்களால் நிரப்புவது ஒரு முறை. திறமையுள்ளவரைக் கண்டு, அவரைச் சுற்றி ஒரு துறை தானே வளர இடந்தருவது மற்றொரு முறை. டிராம்பே பின்பற்றியது இரண்டாவது முறையை. டாட்டா கழகத்தில் சிறு குழுவாகத் தோன்றிய மின்னணுப் பிரிவு, அப்ஸராவின் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்தது. டிராம்பேயில் பெரிய பிரிவாக வளர்ந்தது. 1967-இல் ஹைதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். என்னும் அரசாங்கத் தொழில் நிறுவனமாகவே கிளைத்தது. எந்த வரைபடத்திலும் முன்கூட்டி எழுதி வைத்திருக்க முடியாத வளர்ச்சி இது.

பதவி உயர்வும் இவ்வாறே. மேலே இருப்பவர் ஓய்வு பெறட்டும் என்று கீழே இருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. செய்த வேலையை ஆராய்ந்து, நேரில் வினவி, தகுதி உண்டெனக் கண்டால் அவர் வகிக்கும் பதவியே உயர்த்தப்படுகிறது. வயதில் இளைய ஆராய்ச்சியாளர் மனம் சோர்ந்து வெளியேறாமலிருக்க இது பெரிதும் உதவுகிறது.

இந்த முயற்சியின் பயன் நெருக்கடி வந்தபோது புலப்பட்டது. 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் பொக்ரானில் நடந்த சோதனைக்குப் பின்னர், ராஜஸ்தானில் அணுமின் நிலையம் அமைக்க உதவி வந்த கனடா விலகிக்கொண்டது. பிற நாடுகளின் கதவுகளும் மூடின. எஞ்சிய வேலையை முடித்தவர்கள் நம்மவரே. கல்பாக்கத்தில் நம் நாட்டவரே கட்டிய முதல் மின் உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் 1980-களின் இறுதியில் அங்குள்ள உலைகளின் உள்ளே, கனநீரைச் செலுத்தும் பகுதி பழுதுற்றது. கதிரியக்கம் மிகுந்த அவ்விடத்தில் மனிதர் நுழைய இயலாது; உலைகளைக் கைவிட வேண்டி வருமோ என்ற அச்சம் எழுந்தது. அவற்றை மீட்ட பணியில் முன்னின்றவர் அனில் ககோட்கர். அவர் டிராம்பே பயிற்சிப் பள்ளியின் மாணவர். பிற்காலத்தில் அணுசக்திக் கமிஷனின் தலைவரானார். வெளியிலிருந்து உதவி வாராத நாளில், முன்னரே வளர்த்து வைத்த மனிதர்களே துணையாயினர்.

குறையே இல்லை என்று சொல்லிவிட இயலாது. ஆசிரியர்களை எடுக்காவிட்டாலும், சிறந்த மாணவர்கள் ஆராய்ச்சி நிலையங்களை நாடிச் சென்றுவிடுவதால் பல்கலைக்கழகங்கள் மெலிகின்றன என்ற வருத்தம் நெடுநாளாக உண்டு. எடுத்ததைத் திருப்பித் தருவது நிலையத்தின் கடமை. அணுசக்தித் துறையின் கீழ் ஹோமி பாபா தேசிய நிறுவனம் 2005-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றதும், புவனேசுவரத்தில் 2007-இல் இளம் மாணவர்களுக்கான விஞ்ஞானக் கல்வி நிலையம் தொடங்கியதும் அக்கடமையை நோக்கிய அடிகள். போதுமா என்பதைக் காலம் சொல்லும்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் தில்லியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு, எந்த ஊரார், யாருடைய உறவினர் என்று வினவாத வாயில்களுள் இது ஒன்று. ஆனால் அவ்வாயிலில் கேட்கப்படும் வினா கடினமானது: நீ என்ன படித்தாய் என்பதன்று, எதைப் புரிந்துகொண்டாய் என்பது. அதற்கு விடை சொல்லும் பழக்கம் தேர்வுக்கு முந்திய மாதத்தில் வருவதில்லை. ‘ஏன்?’ என்று குழந்தை கேட்கும்போது நாம் அலுத்துக்கொள்ளாதிருந்தால், நாற்றங்காலின் முதற் பாத்தி நம் வீட்டிலேயே அமைந்துவிடும்.