10 நிமிட கண்புரை ஆபரேஷன்... நடுவில் சவ்வு கிழிந்தால் டாக்டர் என்ன செய்வார்?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் இருக்கிறது வெள்ளீஸ்வரர் கோயில். மகாபலி தானம் கொடுப்பதைத் தடுக்க வண்டாக மாறி கமண்டலத்தின் மூக்கை அடைத்த சுக்ராச்சாரியார், வாமனரின் தர்ப்பை குத்தி ஒரு கண்ணை இழந்தார். இங்கே வந்து சிவனை வணங்கிப் பார்வை பெற்றார் என்கிறது தலபுராணம். கண்ணில் குறை உள்ளவர்கள் இன்றும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் கதீட்ரல் சாலை. அங்கேயும் கண்ணுக்காகத்தான் கூட்டம் வந்தது. கண் வடிவிலேயே டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனை கட்டப்பட்டது அந்தச் சாலையில்தான்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் 60 வயதைத் தாண்டியவர் இருக்கும் வீடுகளில் 'கேட்ராக்ட்' என்பது பழகிப்போன வார்த்தை. "பத்து நிமிஷ வேலைதான், தையல்கூட கிடையாது, மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்று பக்கத்து வீட்டு மாமி தைரியம் சொல்வார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் கற்றுக்கொள்ள ஒரு டாக்டருக்குப் பல வருடங்கள் ஆகின்றன. அதிலும் பெரும் பகுதி, 'ஏதாவது தப்பாகப் போனால் என்ன செய்வது' என்பதைக் கற்கவே போகிறது.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 4 பங்கு

நம் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ், திராட்சை தோலுக்குள் இருப்பதுபோல ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் இருக்கிறது. வயதாக ஆக அந்த லென்ஸ் பால்போல வெளுத்தோ பழுப்பேறியோ மங்குவதுதான் புரை. டாக்டர் பையின் முன்பக்கத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு வாசல் திறக்கிறார். உள்ளே இருக்கும் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார். காலியான அதே பைக்குள் செயற்கை லென்ஸை மடித்து அனுப்பி விரிய வைக்கிறார்.

பலர் நினைப்பதுபோல இது லேசர் அல்ல. 'பேகோ' எனப்படும் இந்த முறையில் புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வு. பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்துகொள்ளப் போன அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மேனுக்கு, அந்த அதிரும் கருவியைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. 1967-ல் முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செய்து பார்த்தார்.

சிக்கல் எல்லாம் அந்தப் பையின் பின்பக்கச் சுவரில்தான். நடுப்பகுதியில் அதன் தடிமன் சுமார் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 4 பங்கு. அதற்கு ஒட்டினாற்போல் அதிரும் ஊசி முனையை வைத்துக்கொண்டுதான் வேலை. அந்தச் சுவருக்குப் பின்னால் விட்ரியஸ் என்ற ஜெல்லி. அதற்கும் பின்னால் விழித்திரை.

தக்காளித் தோல், ஆட்டுக் கண்

கற்பவர்கள் நேராக மனிதக் கண்ணில் கை வைப்பதில்லை. வட்டமாகச் சவ்வைக் கிழித்துப் பழக தக்காளித் தோலும் திராட்சைத் தோலும் போதும். கிழிசல் ஓரத்துக்கு ஓடாமல் வட்டத்தை முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்தது கசாப்புக் கடையிலிருந்து வரும் ஆட்டுக் கண். வெட்லேப் எனப்படும் பயிற்சிக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து வெட்டிப் பழகுவார்கள். ஆட்டின் லென்ஸ் மிருதுவானது என்பதால், ஃபார்மலின் செலுத்தி இறுக வைப்பதும் உண்டு. வசதியுள்ள பயிற்சி மையங்களில் விமானிகளுக்கு இருப்பதுபோல சிமுலேட்டர் வந்துவிட்டது. அதில் சவ்வு கிழிந்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

கைகளைவிடக் கால்களைப் பழக்குவதுதான் பலருக்குப் பெரும்பாடு. ஒரு கால் மைக்ரோஸ்கோப் பெடலில், இன்னொன்று பேகோ இயந்திரத்தின் பெடலில். பேகோ பெடலை முதல் நிலைக்கு அழுத்தினால் கண்ணுக்குள் திரவம் போகும். இரண்டாவது நிலையில் உறிஞ்சும். மூன்றாவதில் அல்ட்ராசவுண்ட் அதிரும். இரண்டு கைகளும் கண்ணுக்குள் ஆளுக்கொரு வேலை பார்க்கும்போது, எந்த நிலையில் கால் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே உணர வேண்டும். கார் ஓட்டப் பழகும் நாள்களில் கிளட்சும் பிரேக்கும் படுத்திய பாடு நினைவிருப்பவர்களுக்கு இது புரியும்.

நோயாளியிடம் தொடங்கும்போதும் முழு ஆபரேஷனையும் ஒரே நாளில் கொடுத்துவிட மாட்டார்கள். பல இடங்களில் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சொல்லித் தருகிறார்கள். மூத்த டாக்டர் எல்லாவற்றையும் முடித்துவைக்க, கற்பவர் லென்ஸை மட்டும் உள்ளே வைப்பார். அது கைவந்தபின் அதற்கு முந்தைய கட்டம், பிறகு அதற்கும் முந்தையது. நம் ஊரில் பலரும் பேகோவுக்கு முன்பே, சற்றுப் பெரிய திறப்பு வழியாகப் புரையை முழுதாக வெளியே எடுக்கும் தையலில்லா முறையைக் கற்றுவிடுகிறார்கள். இயந்திரம் கைவிட்டால் அந்தப் பழைய வித்தைதான் காப்பாற்றும்.

இங்கே கண் மருத்துவம் கற்றுத்தருவது நேற்று வந்ததல்ல. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைமையான கண் மருத்துவமனை என்று சொல்லப்படுகிறது. அதே காலகட்டத்தில் தஞ்சையில் மன்னர் இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் சிகிச்சை விவரங்களைக் கண்ணின் ஓவியங்களோடு பதிவுசெய்ய வைத்தார். அவை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. என்ன செய்தோம், பிறகு கண் எப்படி இருந்தது என்று எழுதிவைக்கும் பழக்கம் இந்த மண்ணில் 200 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

அந்த ஒரு நொடி

பிரிட்டனில் 55,567 கண்புரை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், பின்சுவர் கிழிந்தோ ஜெல்லி வெளியேறியோ சிக்கலானவை 1.92 சதவிகிதம். பயிற்சி நிலையில் இருப்பவர்கள் கையில் வாய்ப்பு கூடுதல். ஆனாலும் ஆயுள் முழுக்க ஒரு கிழிசல்கூடப் பார்க்காத கண்புரை நிபுணர் என்று யாரும் இல்லை. ஆகவே கேள்வி, கிழிந்த அடுத்த நொடியில் என்ன நடக்கிறது என்பதே.

அறிகுறிகள் நுட்பமானவை. கண்ணின் முன்னறை திடீரென ஆழமாகும். கண்மணி ஒரு கணம் விரிந்து மீளும். அதுவரை தானாக ஊசி முனைக்கு வந்துகொண்டிருந்த புரைத் துண்டு, சாய்ந்து நின்று வர மறுக்கும்.

பதறினால் கை செய்யும் முதல் காரியம், கருவியை வெளியே உருவுவது. அதுதான் பெரிய தப்பு! கருவி வெளியே வந்ததும் கண்ணுக்குள் அழுத்தம் விழுகிறது. பின்னாலிருக்கும் ஜெல்லி கிழிசல் வழியாக முன்னால் பாய்கிறது. சிறு கிழிசல் பெரிதாகிறது. அதனால் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதுதான்: நிறுத்து, ஆனால் வெளியே வராதே. காலை முதல் நிலையில் வைத்துத் திரவம் மட்டும் போகவிட்டு, மறு கையால் பக்கத் துளை வழியே பிசுபிசுப்பான ஜெல் மருந்தைச் செலுத்தி அறையை நிரப்பு. அதன் பிறகே கருவியை எடு.

அடுத்த ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத ஜெல்லி. அது விழித்திரையோடு ஒட்டியிருப்பது. இங்கே பிடித்து இழுத்தால் அங்கே விழித்திரை கிழியலாம், பிறகு பிரியலாம். அதனால் இழுக்காமல், நுண்ணிய கட்டர் கருவியால் வெட்டி வெட்டி எடுக்கிறார்கள். ட்ரையம்சினோலோன் என்ற மருந்தைத் தெளித்தால் ஜெல்லி இழைகள் வெள்ளையாகத் தெரியும். புரைத் துண்டு பின்னால் விழித்திரைப் பக்கம் விழுந்துவிட்டால், துரத்திப்போகாமல் விட்டுவிட வேண்டும். எடுத்துத்தர விழித்திரை நிபுணர் இருக்கிறார். நுங்கம்பாக்கத்தில் 1978-ல் சங்கர நேத்ராலயாவை நிறுவிய டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் அந்தத் துறையைச் சேர்ந்தவர்தான். கைவிட வேண்டிய இடத்தில் கைவிடுவது கோழைத்தனம் என்று தோன்றலாம். இளம் டாக்டர்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமான பாடமும் அதுவே.

பசை போட்டு ஒட்டிய லென்ஸ்

சரி, பை போய்விட்டது. புது லென்ஸை எங்கே வைப்பது? முன்சுவர் நன்றாக இருந்தால் அதன் மேலேயே உட்கார வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் முன்பெல்லாம் கருவிழிக்கு அருகில் முன்னறையில் ஒரு லென்ஸ் வைப்பார்கள். இல்லையென்றால் நூலால் தைப்பார்கள். வருடங்கள் கழித்து நூல் அறுந்து லென்ஸ் சரிவதும் உண்டு.

இதற்குச் சென்னையில் பிறந்த பதில்தான் 'குளூட் ஐ.ஓ.எல்.' 2007 டிசம்பர் 14-ம் தேதி டாக்டர் அமர் அகர்வால் இதை முதன்முதலில் செய்தார். கண்ணின் வெள்ளைப் பகுதியில் எதிரெதிராக இரண்டு சிறு மடல்களை வெட்டித் தூக்குகிறார்கள். லென்ஸின் இருபுறமும் நூல்போல நீண்டிருக்கும் 'கை'களை அந்த இடம் வழியாக வெளியே எடுத்து, வெள்ளைச் சுவருக்குள்ளேயே நுண்ணிய சுரங்கம் அமைத்துச் செருகுகிறார்கள். பிறகு மடல்களை மூடி, ஃபைப்ரின் என்ற திசுப் பசையால் ஒட்டுகிறார்கள். ரத்தத்தில் காயம் உறையக் காரணமான புரதங்களிலிருந்து கிடைக்கும் பசை அது.

கிழிந்த பைக்கு மேலே புரைத் துண்டுகள் மிச்சமிருந்தால், அவற்றுக்கு அடியில் புது லென்ஸை நுழைத்து, துண்டுகள் பின்னால் விழாதபடி அதையே தடுப்புப் பலகையாக்கும் உத்தியையும் அவர் குழு விவரித்திருக்கிறது. கட்டடவேலைக்குச் சாரம் கட்டுவதுபோல என்பதால் பெயரே 'ஐ.ஓ.எல் ஸ்காஃபோல்டு'. 2006-ல் அமர் அகர்வால் பதிப்பித்த ஒரு புத்தகத்தின் பெயர் 'பேகோ நைட்மேர்ஸ்', அதாவது பேகோ கெட்ட கனவுகள். விபத்துகளை மட்டுமே பேசும் பாடப்புத்தகம்! குளூட் முறைதான் கடைசி வார்த்தை என்றும் இல்லை. ஜப்பானின் ஷின் யமானே, லென்ஸ் 'கை'களின் முனையைச் சூட்டில் உருக்கி மொட்டுப்போலாக்கி, பசையே இல்லாமல் நிறுத்தும் முறையை 2017-ல் வெளியிட்டார். இன்று பல நாடுகளில் அதுவும் பரவியிருக்கிறது.

கத்தி வேலை முடிந்தபின் வரக்கூடிய இன்னொரு பயம், கிருமித்தொற்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்திப் பார்த்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்களை ஒப்பிட்டு 2017-ல் வெளியான அந்த ஆய்வில், கண்ணின் உள்தொற்று 10,000-க்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது.

வீட்டில் உள்ளவர்கள் சொல்ல வேண்டியது

தாத்தாவுக்குச் சிறுநீர் சரியாகப் போக 'டாம்சுலோசின்' மாத்திரை கொடுக்கிறீர்களா? கண் டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். புராஸ்டேட்டுக்கான மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் அது கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் தசையைத் தொளதொளப்பாக்கி, ஆபரேஷனின் நடுவே சுருங்க வைத்துவிடும். அமெரிக்க டாக்டர்கள் டேவிட் சாங்கும் ஜான் கேம்பெல்லும் 2005-ல் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினாலும் விளைவு முழுசாகப் போவதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் ஐரிஸைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளோடு டாக்டர் தயாராக இருப்பார். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, சர்க்கரை, முன்பு கண்ணில் பட்ட அடி ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

'புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பழைய அறிவுரை இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. இயந்திரம் இல்லாத காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று முற்றிக் கல்லான புரைக்கு அதிக நேரம் அல்ட்ராசவுண்ட் தேவைப்படுகிறது. கிழியும் அபாயமும் கூடுகிறது. பேப்பர் படிக்க, படி இறங்க, பஸ் நம்பர் பார்க்கச் சிரமம் என்றாலே டாக்டரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடுவது, கண் சிவப்பது, தெளிந்த பார்வை மறுபடி மங்குவது, மின்னல் வெட்டுவதுபோலத் தெரிவது, பக்கவாட்டில் திரை இறங்குவதுபோல இருப்பது... இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே, ராத்திரி என்றாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பை கிழிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னால், கோபத்தோடு கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு; அமைதியாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. துண்டு ஏதும் பின்னால் விழுந்ததா? லென்ஸ் வைத்தாயிற்றா, எங்கே வைத்தீர்கள்? விழித்திரை நிபுணர் எப்போது பார்ப்பார்? பதில்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதோடு, லென்ஸின் வகையும் பவரும் அச்சிட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரும் தருவார்கள். பத்து வருடம் கழித்து வேறு டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் ஃபைலிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.