ஓடாத காரின் செலவுக் கணக்கு

ஓடாத காருக்கும் செலவு உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம், அதைப் பெறுவதற்குத் தேவையான காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும், பலருக்கு மாதாந்த லீசிங் தவணை என்று பல செலவுகள் முற்றத்தில் நிற்கும் காரையும் விடுவதில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் வேலைக்குப் போகும்போதோ, நோயுற்றிருக்கும்போதோ, குடும்ப வருமானம் குறையும்போதோ காரைச் சில காலம் வீதியில் இறக்காமல் வைத்து இவற்றில் சிலவற்றைத் தவிர்க்கலாம். எந்தச் செலவு நிற்கும், எது தொடரும் என்பதை முதலிலேயே பிரித்துப் பார்ப்பது அவசியம். இல்லாவிட்டால் மிச்சம்பிடித்த பணம் பிறகு தண்டப்பணமாகவும் கராஜ் செலவாகவும் போய்விடும்.

இலங்கையில் இந்தக் கேள்வி பரவலாக எழுந்தது 2022இல். 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. எரிபொருளைப் பங்கிடப் பின்னர் வந்த கியூஆர் முறையில் தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. நாடெங்கும் கார்கள் ஓட்டமின்றி நின்றன. ஆனாலும் அவற்றை விற்றுவிடப் பலர் துணியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. விற்றவர் மீண்டும் வாங்குவது கடினம். தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த இடைக்காலத்தில் விற்பதைவிட நிறுத்திவைப்பதே இலாபமாகத் தெரிந்தது. இறக்குமதி நடக்கும் காலத்தில், நிற்கும் காரின் மதிப்பு குறைவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அனுமதிப்பத்திரம்

வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபைகளுக்கு உரிய வருமானம். இக்கட்டுரை உதாரணமாக எடுத்துக்கொள்ளும் மாத்தளை மாவட்டம் மத்திய மாகாணத்தைச் சேர்ந்தது. இங்கு மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டை, யட்டவத்தை, பல்லேபொல, நாவுல, தம்புள்ளை, கலேவெல, அம்பன்கங்க கோறளை, லக்கல-பல்லேகம, வில்கமுவ என 11 பிரதேச செயலகங்கள் உள்ளன. அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் இவற்றின் ஊடாகவே வழங்கப்படுகிறது.

காரை ஓட்டவில்லை என்பதற்காகப் பத்திரத்தைப் புதுப்பிக்காமல் பேசாமல் இருந்துவிடுவதே பலரும் விடும் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில், பதிவில் உள்ள வாகனம் பயன்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். ஆகவே வாகனத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். நடப்புப் பத்திரம் காலாவதியாகும் முன்பே பிரதேச செயலகத்துக்குச் சென்று, உரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான சான்றைப் பெற்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. அறிவிக்காமல் விட்ட ஆண்டுகளுக்கான கட்டணம், காரை மீண்டும் வீதிக்குக் கொண்டுவரும் நாளில் தண்டப்பணத்துடன் நிலுவையாக வந்து நிற்கும். காரை விற்றும் உரிமை மாற்றத்தைப் பதிவுசெய்யாதவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு; மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் பழைய உரிமையாளரே பொறுப்பாளி.

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளிலும் இத்தகைய ஏற்பாடுகள் உள்ளன. பிரித்தானியாவில் 1998 முதல், வீதியில் ஓடாத வாகனத்தை அவ்வாறே அறிவிக்கும் முறை நடப்பில் இருக்கிறது. வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்கான தொகை திருப்பிக் கிடைக்கும். சுவிற்சர்லாந்தில் இலக்கத்தகட்டைக் கழற்றி மாநில அலுவலகத்தில் ஒப்படைத்தால் வரியும் காப்புறுதியும் இடைநிறுத்தப்படும். ஜேர்மனியில் ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் இலக்கத்தகடே உண்டு.

காப்புறுதியும் லீசிங்கும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சொந்த வளவுக்குள் பூட்டிக் கிடக்கும் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் முழுக் காப்புறுதியைக் கைவிடுமுன் யோசிக்க வேண்டும். திருட்டு, தீ, மரம் விழுதல் ஆகியவை நிற்கும் காருக்கும் நேரும். மாத்தளை, மண்சரிவு அபாயமுள்ளதாக அடையாளம் காணப்பட்ட மாவட்டங்களில் ஒன்று; 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. சரிவோரத்தில் கொட்டில் போட்டிருப்பவர், இயற்கை அனர்த்தங்களையும் உள்ளடக்கிய காப்புறுதியைத் தொடர்வதே நல்லது. நீண்ட காலம் காப்புறுதி இல்லாதிருந்தால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த கழிவு பறிபோகுமா என்பதையும் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

லீசிங்கில் உள்ள காருக்கு இந்தத் தெரிவே பெரும்பாலும் இல்லை. கார் ஓடினாலும் நின்றாலும் தவணை கட்டியாக வேண்டும். முழுக் காப்புறுதியும் ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே இருக்கும். இத்தகைய காரை நிறுத்துவதால் மிச்சமாவது எரிபொருளும் தேய்மானமும் மட்டுமே.

நிறுத்திவைக்கும் முறை

மாவட்டத்தின் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய இறத்தோட்டைப் பக்கம் ஈரமும் மூடுபனியும் மிகுதி. தம்புள்ளை, வில்கமுவ பக்கம் வெயிலும் தூசியும் மிகுதி. மலைப்பகுதியில் துருவும் பூஞ்சணமும் காரைக் கெடுக்கும். வரண்ட பகுதியில் வெயில் டயரையும் றப்பர் பாகங்களையும் வெடிக்கச் செய்யும். எங்கானாலும் கூரையும் காற்றோட்டமும் தேவை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே தேக்கும். துணி உறையே ஏற்றது.

காரின் அடிப்பாகத்துச் சேற்றைக் கழுவி நன்கு உலர்த்திய பிறகே நிறுத்த வேண்டும். பழைய எஞ்சின் ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால் அதை மாற்றிவிடுவது நல்லது. தாங்கியில் பெற்றோல் நிறைந்திருந்தால் உள்ளே காற்றின் ஈரம் நீராகிச் சேர இடமிருக்காது. டயருக்கு வழமையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றடித்து, கைப்பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கைப்பிரேக் இழுத்தபடி மாதக்கணக்கில் நின்றால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். எலி வயர்களைக் கடிக்காதிருக்க நெல், தீனி மூட்டைகளை அருகில் வைக்கக்கூடாது.

பற்றரி தானாகவே மின்னை இழக்கும். காரின் கடிகாரமும் அலாரமும் அதை மேலும் உறிஞ்சும். சாதாரண காரில் எதிர்மின் முனையைக் கழற்றிவைத்து, இடையிடையே சார்ஜ் ஏற்றினால் போதும். ஹைபிரிட் காரில் பெரிய பற்றரியையும் கவனிக்க வேண்டும். உற்பத்தியாளரின் கையேடு சொல்லும் இடைவெளியில் அதை இயக்கவேண்டும். எந்தக் காரையும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயனில்லை. எஞ்சின் முழுமையாகச் சூடாகாமல் ஈரமே உள்ளே சேரும்.

மீண்டும் வீதிக்கு

முதலில் டயர், பிரேக், ஒயில், வயர்கள் ஆகியவற்றைப் பரிசோதிப்பித்து, அடுத்துக் காப்புறுதி, புகைப் பரிசோதனை, அனுமதிப்பத்திரம் என்ற வரிசையில் செல்ல வேண்டும். புகைப் பரிசோதனை நிலையத்துக்குக் கார் போகவேண்டியிருப்பதால், அதை எப்படிக் கொண்டுசெல்வது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இலங்கையில் சாதாரண காரின் அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆண்டுச் செலவில் சிறு பகுதிதான். பெருஞ்செலவு எரிபொருளும் முழுக் காப்புறுதியும் பராமரிப்பும். அனுமதிப்பத்திரமும் ஆண்டுக் கணக்கில் வழங்கப்படுவது. ஆகவே சில மாதங்களே நிற்கப்போகும் காருக்குப் பத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் குறைப்பது போதும். கண்டிக்கு அடிக்கடி போகவேண்டியவர் ஏ9 வீதியில் ஓடும் பஸ்ஸைப் பயன்படுத்தினாலே பெரும்பகுதி மிச்சமாகும். கார் ஓராண்டோ அதற்கு மேலோ நிற்கும், லீசிங்கும் இல்லை என்றால், முறைப்படி அறிவித்து நிறுத்துவது இலாபம். மூன்று நான்கு ஆண்டுகள் தேவைப்படாது என்றால், நிற்கும் காலத்துப் பராமரிப்பையும் மதிப்பு வீழ்ச்சியையும் கூட்டிப் பார்த்து, விற்பதைப் பற்றியே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.