சம்மதம் சொல்ல இயலாத குழந்தை

சிவகாசியில் புதிய பட்டாசை வெட்டவெளியில் வெடித்துச் சோதிக்கலாம். பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சையை எங்கே சோதிப்பது?

பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்த குழந்தையின் உடலைச் சுமார் 33.5 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் வைத்திருந்தால் மூளைச் சேதம் குறையும் என மேலைநாட்டு ஆய்வுகள் காட்டின. நம் நாட்டிலும் சில மருத்துவமனைகள் இம்முறையைக் கையாளத் தொடங்கின.

பின்னர் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை இரு பிரிவாக்கி, பெற்றோர் சம்மதத்துடன் ஆராய்ந்தனர். 2021இல் முடிவு வெளியாயிற்று. குளிர்வித்த பிரிவில் 42 சதவீதமும், மற்றதில் 31 சதவீதமும் இறந்திருந்தன!

சோதிப்பதில் ஆபத்துண்டு, சோதிக்காமல் நம்புவதிலும் உண்டு. எது நல்லதென உண்மையிலேயே தெரியாதபோது மட்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு சோதிப்பதே நியாயம்.