ஸ்டேஷனில் சொன்னதும் கோர்ட்டில் சொல்வதும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஓர் அம்மா பூ விற்கிறார். ஒரு நாள் இரவு அவர் கண் முன்னால் சண்டை நடக்கிறது. ஒருவருக்கு வெட்டு விழுகிறது. போலீஸ் வருகிறது. "மொழி எடுக்கணும்" என்கிறார் எஸ்.ஐ.

அம்மாவுக்குத் திகைப்பு. மொழியை எப்படி எடுப்பார்கள்?

மலையாளத்தில் சாட்சி சொல்லும் வாக்குமூலத்துக்குப் பெயர் 'மொழி'. அதைத்தான் எஸ்.ஐ. கேட்கிறார்.

அம்மா தமிழில் சொல்கிறார்: "சிவப்புச் சட்டை போட்ட பையன் மாதிரி இருந்தது. இருட்டு. முகம் சரியாத் தெரியலை." எஸ்.ஐ. மலையாளத்தில் எழுதிக்கொள்கிறார். அம்மா வீட்டுக்குப் போகிறார்.

இரண்டு வருடம் போகிறது. வஞ்சியூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வருகிறது. அம்மா கூண்டில் ஏறி, அன்று சொன்னதையே சொல்கிறார். அரசு வக்கீல் ஒரு தாளை எடுக்கிறார். "சிவப்புச் சட்டைக்காரன் வெட்டியதைப் பார்த்தேன் என்று போலீசில் சொன்னீர்களே? இப்போது ஏன் மாற்றுகிறீர்கள்?"

அம்மா எதையும் மாற்றவில்லை. தாளில்தான் வேறு மாதிரி இருக்கிறது. இது நான் கற்பனையாகச் சொன்ன கதை. ஆனால் யாருக்கும் நடக்கக்கூடியது.

இப்போது கோர்ட் எதை எடுத்துக்கொள்ளும்? தாளில் இருப்பதையா, அம்மா வாயால் சொல்வதையா?

வாயால் சொல்வதைத்தான். கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்வதே சாட்சியம். போலீஸ் எழுதிய தாள் தானாகச் சாட்சியம் ஆகாது. காரணம் எளிது. ஸ்டேஷனில் சொல்லும்போது சத்தியம் இல்லை. எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. எழுதியது சாட்சியின் கையும் இல்லை. அந்தத் தாளை வைத்தே ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பலாம் என்றால், நாளைக்கு யார் பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா?

அப்படியானால் அந்தத் தாள் எதற்கு? சாட்சியைச் சோதிக்க. முன்பு ஒன்று சொன்னார், இப்போது வேறு சொல்கிறார் என்று காட்டுவதற்கு. அதைக் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் செய்யலாம். அரசு வக்கீல் செய்ய வேண்டுமானால் நீதிபதியின் அனுமதி வேண்டும்.

அதற்கும் முறை இருக்கிறது. முழுத் தாளையும் அப்படியே கோர்ட்டில் கொடுத்துவிட முடியாது. எந்த வரி மாறுகிறதோ அந்த வரியைச் சாட்சிக்குக் காட்ட வேண்டும். "இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்க வேண்டும். "ஆமாம்" என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. "இல்லை" என்றால், எழுதிய போலீஸ் அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் கேட்பார்கள். "சாட்சி என்னிடம் இப்படித்தான் சொன்னார்" என்று அவர் சொல்ல வேண்டும். அப்போதும் அந்த வரி சாட்சி மாற்றிப் பேசினார் என்பதைத்தான் காட்டும். வெட்டியது யார் என்பதை அது நிரூபிக்காது.

சொன்னதை மாற்றுவது மட்டும் மாற்றம் இல்லை. முக்கியமான ஒன்றைப் போலீசில் சொல்லாமல் விட்டு, கோர்ட்டில் புதிதாகச் சொன்னாலும் அதையும் கேட்பார்கள்.

எல்லா நாட்டிலும் இதே சட்டம் இல்லை. இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, சாட்சி முன்பு சொன்னது வேறு என்று நிரூபித்தால், அந்தப் பழைய பேச்சையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் போலீசிடம் சொன்னதற்கு அந்த இடம் கிடையாது. சொன்னவர் பிறகு இறந்துவிட்டால் மட்டும் வேறு கணக்கு. தன் சாவுக்கு என்ன காரணம் என்று அவர் சொல்லியிருந்தால் அது மரண வாக்குமூலம். அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால் அந்தப் பேச்சே சாட்சியம் ஆகிறது.

மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு மதிப்பு கொஞ்சம் அதிகம். அங்கே சத்தியம் உண்டு. சாட்சி கோர்ட்டில் அதையே சொன்னால் அவர் பேச்சுக்கு அது பலம் கொடுக்கும். மாற்றிச் சொன்னால் அதைக் காட்டிக் கேட்பார்கள். ஆனால் அதுவும் தனியாக நிற்காது.

திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய வழக்கு ஒன்றைப் பார்ப்போம். 1992 மார்ச் 27 அன்று, கோட்டயத்தில் ஒரு கன்னியர் மடத்தின் கிணற்றில் சிஸ்டர் அபயாவின் உடல் கிடந்தது. முதலில் தற்கொலை என்றார்கள். பிறகு சி.பி.ஐ. விசாரித்தது. 2019-ல்தான் திருவனந்தபுரம் சி.பி.ஐ. கோர்ட்டில் சாட்சி விசாரணை தொடங்கியது. 27 வருடம்! அதற்குள் சில சாட்சிகள் இறந்தே போனார்கள்.

மடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், அன்று இரவு வெளியே ஒரு ஸ்கூட்டரைப் பார்த்ததாக முன்பு மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருந்தார். கோர்ட்டில் அதை மாற்றிச் சொன்னார். இப்படி மாறுபவரைத் தமிழில் பிறழ் சாட்சி என்பார்கள். மலையாளப் பத்திரிகையில் 'கூறுமாறி' என்று போடுவார்கள். இன்னொரு சாட்சி அந்த இரவில் மடத்துக்குத் திருட வந்தவர். அவர் முன்பு சொன்னதையே கோர்ட்டிலும் சொன்னார். "நான் திருட வந்தேன்" என்பதையும் மறைக்கவில்லை. 2020 டிசம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2022 ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது.

2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடக்கின்றன. நாம் பார்த்த விதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பிரிவு எண்கள்தான் மாறின. புதிதாக ஒன்று: பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் எழுதியே ஆக வேண்டும்.

கையெழுத்து பற்றியும் சொல்ல வேண்டும். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. கைநாட்டும் கூடாது. இது சட்டம். புதிதாக எழுதப் படித்தவர்களுக்குப் பேனாவைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்களே புகார் கொடுத்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். மகஜரில் சாட்சியாக நின்றால், படித்துப் பார்த்துப் போடுங்கள்.

நமக்கு மலையாளம் படிக்கத் தெரியாதே என்பீர்கள். போலீஸ் எழுதி முடித்ததும், "தமிழில் வாசித்துச் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். 'பார்த்தேன்' என்பதும் 'பார்த்த மாதிரி இருந்தது' என்பதும் ஒன்றில்லை. தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கோர்ட்டில் இது உங்கள் உரிமையே. சாட்சி பேசிய மொழி வேறு, எழுதிய மொழி வேறு, எழுதிய மொழி அவருக்குப் புரியாது என்றால், அவர் மொழியில் அதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

பூக்கார அம்மா கூண்டில் நிற்கிறார். கையில் தாளை நீட்டுகிறார்கள். அவர் பயந்து "ஆமாம்" என்று தலையாட்ட வேண்டியதில்லை. "ஐயா, நான் தமிழில் சொன்னேன். முகம் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் மலையாளத்தில் எழுதினார். எனக்கு யாரும் தமிழில் வாசித்துச் சொல்லவில்லை" என்று சொல்லலாம். நீதிபதி அந்தப் பதிலையும் பதிவு செய்வார். பிறகு எஸ்.ஐ. கூண்டில் ஏறும்போது, அவரிடமும் அதைக் கேட்பார்கள்.